சனிக்கிழமை மேட்சுக்குச் சட்டி தூக்குவது எப்படி: சாசேஜ், கம்போ, இன்ன பிற

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம்மவர்களுக்கு முதல் செப்டம்பரிலேயே அந்த அழைப்பு வந்துவிடும். சனிக்கிழமை மேட்ச், டெயில்கேட்டுக்கு வந்துவிடு, ஏதாவது சாப்பாடு கொண்டுவா. மேட்ச் என்றால் கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. டெயில்கேட் என்றால் மைதானத்துக்கு வெளியே பார்க்கிங்கில் பிக்கப் டிரக்கின் பின்கதவை இறக்கிவிட்டு, கூடாரம் போட்டு, காலையிலிருந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. டிக்கெட்டே வாங்காமல் இதற்காக மட்டும் வந்து, கூடாரத்தில் டிவியை வைத்து மேட்ச் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களும் நிறைய. சமோசா வாங்கிக்கொண்டு போனால் உடனே காலியாகும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கிண்டுவதையே நீங்களும் கிண்டிக் கொண்டுபோனால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், எந்தக் கடை சாசேஜ் என்று கேட்பார்கள், தக்காளி போட்டாயா என்று முறைப்பார்கள், கடைசியில் தங்கள் பாட்டி செய்யும் முறையை ஒப்பிப்பார்கள்.

நான் இருப்பது லூசியானாவில், பேட்டன் ரூஜ் பக்கம். அதனால் கீழே எழுதுவதில் லூசியானா சாய்வு இருக்கும், அலபாமா, டென்னசி ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும். இங்கே எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியின் டைகர் ஸ்டேடியம் 1924-ல் திறந்தது, இப்போது லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 1988 அக்டோபரில் ஆபர்ன் அணிக்கு எதிரான மேட்சில் கடைசி நேர டச்டவுனுக்குக் கூட்டம் குதித்த குதி, கல்லூரியின் நில அதிர்வுக் கருவியிலேயே பதிவானது. அப்படிப்பட்ட கூட்டம் சாப்பாட்டில் மட்டும் சும்மா இருக்குமா? எதிரணியின் சின்னம் எதுவோ அதையே சமைத்துத் தின்பது இங்கே வழக்கம். ஃபுளோரிடா கேட்டர்ஸ் வந்தால் முதலைக்கறி, ஆர்கன்சா ரேஸர்பேக்ஸ் வந்தால் முழுப் பன்றி, சவுத் கரோலினா கேம்காக்ஸ் வந்தால் கோழி. எதிரணிச் சட்டை போட்டு நடந்தால் "டைகர் பெய்ட்" (எங்கள் புலிகளுக்கு இரை) என்று முகத்துக்கு நேரே கத்துவார்கள், அடுத்த நிமிடம் கையில் ஒரு தட்டையும் திணிப்பார்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். முதலில் பிடிபட வேண்டியது ஒன்றுதான். இந்த ஊர்ச் சமையலில் மசாலா டப்பா ரொம்பச் சின்னது. மசாலாவின் வேலையைச் சாசேஜ், அதாவது உறையில் அடைத்த கறி, பார்த்துக்கொள்கிறது. புகை, பூண்டு, மிளகு, உப்பு, கொழுப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நல்ல சாசேஜை வாங்கி, அதை நன்றாகச் சிவக்க வறுத்து, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்து அதன் மேல் மற்றதைக் கட்டினால் முக்கால்வாசி முடிந்தது. நம்மவர்கள் செய்யும் முதல் சேட்டை, காரம் போதவில்லை என்று கரம் மசாலாவையும் இஞ்சி பூண்டு விழுதையும் உள்ளே தள்ளுவது. தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்தால் ருசியாக இருக்கும், ஆனால் அது குழம்பாகிவிடும்.

எந்தச் சாசேஜ்

லூசியானாவில் ஆண்டூயி. பன்றித் தோள்கறியைப் பொடியாக அரைக்காமல் பெரிய துண்டுகளாகவே விட்டு, பூண்டும் மிளகும் மிளகாயும் சேர்த்து, தடித்த உறையில் அடைத்து, பெக்கான் மரப் புகையில் மணிக்கணக்காகத் தொங்கவிடுவது. மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் லாப்ளாஸ் என்ற ஊர் இதற்குப் பெயர்போனது. 1928 முதல் புகைபோடும் கடை அங்கே இன்னும் இருக்கிறது. வெட்டினால் உள்ளே கறித்துண்டும் கொழுப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் ஆண்டூயி என்று எழுதி விற்கும் பலவற்றில் உள்ளே ரப்பர் மாதிரி வழவழவென்று ஒரே சீராக இருக்கும். அது வெறும் புகைச் சாசேஜ், அவசரத்துக்கு ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அலபாமாக்காரர்கள் கொனேகா என்ற சாசேஜைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். எவர்கிரீன் என்ற சிற்றூரில் 1947-ல் தொடங்கியது, ஹிக்கரி மரப் புகை, உறை மெல்லியது, பல் பட்டால் டப்பென்று உடையும். கிரில்லில் சுட்டு அப்படியே தின்பதற்கு ஆண்டூயியைவிட இதுதான் மேல் என்று எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு, ஆனால் அதை இந்த ஊரில் சத்தமாகச் சொல்ல மாட்டேன். கம்போவில் (கோழியும் சாசேஜும் போட்டு வைக்கும் லூசியானாக் குழம்பு) போட்டால் அடித்தளச் சுவை கொஞ்சம் மெலிந்துபோகிறது.

மூன்றாவது பூடான். இது புகைச் சாசேஜ் இல்லை. வேகவைத்த பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் பிசைந்து உறையில் அடைத்தது. லாஃபயெட் பக்கத்தில் ஸ்காட் என்ற ஊரை 2012-ல் உலகப் பூடான் தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே அறிவித்தது. ஆனால் வாங்க நல்ல இடம் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க்தான். கல்லாப் பக்கத்தில் சூடாக வைத்திருப்பார்கள், ஒரு முனையைக் கடித்து உள்ளே இருப்பதை வாய்க்குள் பிதுக்கிக்கொண்டு உறையைத் தூக்கிப் போட வேண்டும். முழுசாக மெல்ல முயன்று விழிக்காதீர்கள்.

பன்றி சாப்பிடாத வீடுகள் நம்மில் நிறைய. கோழி ஆண்டூயி, வான்கோழிப் புகைச் சாசேஜ் எல்லாம் கிடைக்கின்றன, ஹலால் கடைகளில் மாட்டுக்கறிப் புகைச் சாசேஜும் கிடைக்கும். கொழுப்பு குறைவு என்பதால் வறுக்கும்போது இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், அரை ஸ்பூன் புகைபோட்ட பாப்ரிகா தூளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள், அன்னாசி சேர்த்த கோழிச் சாசேஜை மட்டும் இதில் போட வேண்டாம், இனிப்பு கடைசிவரை தலைநீட்டிக்கொண்டே இருக்கும்.

கம்போ

இதுதான் பெரிய வேலை, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்கு: ஆண்டூயி முக்கால் கிலோ, எலும்போடு கோழித் தொடை ஒன்றரைக் கிலோ, எண்ணெய் ஒரு கப், மைதா ஒரு கப், பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைக் குடமிளகாய் ஒன்று, செலரி மூன்று தண்டு, பூண்டு ஆறு பல், கோழி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) மூன்று லிட்டர், காய்ந்த தைம் ஒரு ஸ்பூன், பே இலை மூன்று, மிளகு, வெங்காயத்தாள். கயேன் தூளுக்குப் பதில் நம் வீட்டு மிளகாய்த்தூளே போதும், ஒரு ஸ்பூன். இங்கே கடையில் சில்லி பவுடர் என்று விற்பதில் சீரகமும் மற்றதும் கலந்திருக்கும், அதை எடுக்காதீர்கள். பே இலைக்குப் பதில் பிரிஞ்சி இலை போடலாமே என்று தோன்றும். அது வேறு மரத்து இலை, பட்டை வாசம் அடிக்கும்.

வெங்காயம், குடமிளகாய், செலரி மூன்றையும் சேர்த்து இங்கே டிரினிட்டி என்பார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே மூன்றையும் பொடியாக நறுக்கிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கனமான சட்டியில், வார்ப்பிரும்பு என்றால் உத்தமம், சாசேஜ் வில்லைகளை முதலில் வறுத்து எடுங்கள். ஓரம் கருகலாகச் சிவக்கும் வரை கிளறாமல் விட வேண்டும், கூட்டம் சேர்த்தால் வதங்குமே தவிரச் சிவக்காது, ஆகவே இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். அதே கொழுப்பில் கோழியையும் தோல் சிவக்கச் சுட்டு எடுத்துவிட்டு, சட்டியில் மிஞ்சிய கொழுப்பை அளந்து, ஒரு கப் வரும்படி எண்ணெய் சேர்த்து, மிதமான தீயில் மைதாவைக் கொட்டுங்கள். இதுதான் ரூ. கம்போ ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

இனி அடி தட்டையான மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், போன் அடித்தாலும் எடுக்காமல். முதலில் வெளுப்பாக இருக்கும், பிறகு வேர்க்கடலை வெண்ணெய் நிறம், பிறகு பழைய செப்புக் காசு, அதற்கப்புறம் சாக்லேட். கோழி ஆண்டூயி கம்போவுக்குச் செம்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் நிறுத்தலாம். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். இங்குள்ள ஆட்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, "இரண்டு பீர் ரூ" என்பார்கள், அதாவது கிண்டிக்கொண்டே இரண்டு பீர் குடித்து முடிக்கும் நேரம். கறுக்கக் கறுக்க ருசி ஏறும், ஆனால் குழம்பைத் தடிப்பாக்கும் சக்தி குறையும், அதனால்தான் இவ்வளவு மைதா. கறுப்புப் புள்ளிகள் தெரிந்து கருகல் வாசம் வந்துவிட்டால் வருத்தப்படாமல் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கருகிய ரூவை ஸ்டாக் ஊற்றிக் காப்பாற்ற முடியாது, மூன்று லிட்டரும் கசந்துபோகும். இன்னொன்று: ரூ தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு வேகும், இதற்கு இங்கே கேஜன் நேபாம் என்றே பட்டப்பெயர் (கேஜன் என்றால் லூசியானாவின் பிரெஞ்சு வம்சாவளி நாட்டுப்புறத்தார், நேபாம் என்றால் ஒட்டிக்கொண்டு எரியும் போர்க்குண்டு). குழந்தைகளை அடுப்படியிலிருந்து விரட்டிவிடுங்கள்.

நிறம் வந்த நொடியில் நறுக்கி வைத்த மூன்றையும் கொட்டுங்கள். சுர்ரென்று ஆவி கிளம்பி ரூவின் சூடு இறங்கும், அதற்கு மேல் கறுக்காமல் நிற்கும். நறுக்காமல் விட்டிருந்தால் இந்த நேரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பீர்கள், ரூ பாட்டுக்குக் கரியாகிக்கொண்டிருக்கும். ஐந்தாறு நிமிடம் வதக்கி, பூண்டு போட்டு, ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றி, கோழி, சாசேஜ், தைம், மிளகு, மிளகாய்த்தூள், பே இலை எல்லாம் சேர்த்து மெல்லிய கொதியில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது வழித்தெடுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், ஏனென்றால் சாசேஜ் தன் உப்பை மெதுவாகத்தான் இறக்கும். கோழியை எடுத்து எலும்பை நீக்கி உதிர்த்துத் திரும்பப் போட்டு, வெங்காயத்தாளைத் தூவி இறக்குங்கள்.

வெண்டைக்காய் போடலாமா? தாராளமாக. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த காய் அது, கம்போவின் ஆதி வடிவங்களில் உண்டு. தனியாக வாணலியில் வதக்கி வழவழப்பை அடக்கிவிட்டுப் போடுங்கள், இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெண்டைக்காய் போடாதவர்கள் ஃபிலே தூள் போடுவார்கள். அது சாஸஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்தது, சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்த பழக்கம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரொம்பக் கெட்டியாகிவிடும் என்று பலர் ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ரூ கிண்டப் பொறுமை இல்லையென்றால் பாட்டிலில் ரெடிமேட் ரூ கிடைக்கிறது, லூசியானா வீடுகளிலேயே பாதி அலமாரிகளில் அது இருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்லது எண்ணெயையும் மாவையும் கலந்து, இரும்புச் சட்டியை 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒன்றரை மணி நேரம் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருதரம் கிளறினாலும் நிறம் வரும்.

கம்போவை நீள அரிசிச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். கேஜன் பக்கத்தில் கிண்ணத்தின் நடுவில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டையும் இறக்குவார்கள். பார்க்க விநோதமாக இருக்கும், ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், குளிர்ந்த சாலட்டும் சூடான புகைக்குழம்பும் சேர்வது பிரமாதம்.

வெயில் அடித்தால் ஜம்பலாயா

செப்டம்பரில் இங்கே முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் நின்றுகொண்டு யாரும் கம்போ குடிக்க மாட்டார்கள். அது முதல் குளிர்காற்று வீசும் வாரத்துக்கானது. அதுவரை ஜம்பலாயா, அதாவது கறியும் சாசேஜும் சேர்த்து ஆக்கும் சோறு. ஒரே சட்டி, பேப்பர் தட்டு, நின்றபடி சாப்பிடலாம்.

நான்கு கப் நீள அரிசி, எட்டு கப் ஸ்டாக், அரைக் கிலோ ஆண்டூயி, ஒரு கிலோ பன்றித் தோள்கறி அல்லது எலும்பில்லாத கோழித் தொடை, நான்கு பெரிய வெங்காயம், ஒரு குடமிளகாய், இரண்டு தண்டு செலரி, பூண்டு. கறியை இரும்புச் சட்டியில் ஆழ்ந்த பழுப்பாக வறுப்பதுதான் விஷயம். அடியில் ஒட்டும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், மறுபடி ஒட்டவிடுங்கள், மறுபடி சுரண்டுங்கள். சோற்றின் நிறமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வெங்காயம் நன்றாகக் குழைந்த பிறகு ஸ்டாக் ஊற்றி, உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா என்று பார்த்து (அரிசி இழுத்துக்கொள்ளும்), கொதி வந்ததும் அரிசியைப் போட்டு, மறுபடி கொதித்ததும் தீயைச் சிறுசாக்கி மூடிவிடுங்கள். இருபத்தைந்து நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. பிரியாணிக்குத் தம் போட்டுப் பழகிய கைக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. திறந்து, அடியிலிருந்து ஒரே ஒரு முறை மெல்லப் புரட்டிவிட்டு இன்னும் பத்து நிமிடம் மூடிவையுங்கள்.

தக்காளி விவகாரம்: நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் முறையில் தக்காளி உண்டு, சோறு சிவப்பாக இருக்கும். கேஜன் நாட்டுப்புறத்திலும், ஜம்பலாயா தலைநகரம் என்று சொல்லிக்கொண்டு 1968-லிருந்து திருவிழா நடத்தும் கொன்சாலெஸ் ஊரிலும் பழுப்பு ஜம்பலாயாதான், தக்காளி என்ற பேச்சே கூடாது. பேட்டன் ரூஜ் பார்க்கிங்கில் சிவப்புச் சட்டியைத் திறந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் வகுப்பெடுப்பார். நான் பழுப்புக் கட்சி.

வீட்டிலேயே சாசேஜ் செய்ய

புகைபோடாத பச்சைச் சாசேஜ் சுலபம், உறைகூட வேண்டாம், வடை மாதிரி தட்டிப் பொரிக்கலாம். கறிக்கடையில் பாஸ்டன் பட் என்று கேளுங்கள், அது பன்றியின் தோள்பகுதி, தேவையான கொழுப்பு அதிலேயே இருக்கும். ஒரு கிலோவைப் பெரிய துளைத் தட்டில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். மொத்தத்தில் கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும், கொழுப்பைக் குறைத்தால் உதிரியாக, காய்ந்துபோன சாசேஜ்தான் கிடைக்கும். உப்பு 18 கிராம், இதை ஸ்பூனில் அளக்காமல் தராசில் நிறுங்கள். கரகரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு ஸ்பூன், காய்ந்த சேஜ் இலை இரண்டு ஸ்பூன், தைம் அரை ஸ்பூன், மிளகாய்ச் செதில் ஒரு ஸ்பூன், பழுப்புச் சர்க்கரை ஒரு ஸ்பூன், ஐஸ் தண்ணீர் கால் கப்.

எல்லாமே சில்லென்று இருக்க வேண்டும். பாத்திரத்தையும் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். கறி சூடானால் கொழுப்பு உருகிப் பிரிந்து, பொரிக்கும்போது எல்லாம் எண்ணெயாக வழிந்துவிடும். கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசையுங்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டையைத் தட்டிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். மொத்தத்தையும் தட்டுவதற்கு முன் ஒரு சின்ன உருண்டையைப் பொரித்து ருசி பாருங்கள், இந்த நேரத்தில்தான் உப்போ காரமோ சரிசெய்ய முடியும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறினால் வாசம் கூடும்.

இதையே காலை மேட்சுக்கு கிரேவியாக்கலாம். தொலைக்காட்சிக்காரர்கள் சில மேட்சுகளைக் காலை பதினொரு மணிக்கு வைத்துவிடுவார்கள், எல்.எஸ்.யு. ரசிகர்களுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அப்போது அரைக் கிலோ சாசேஜை உதிர்த்து வறுத்து, கொழுப்பை வடிக்காமல், கால் கப் மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறி, மூன்று கப் பால் ஊற்றிக் கெட்டியானதும் மிளகை அள்ளிப் போட்டு, பிளந்த பிஸ்கட்டின் மேல் ஊற்றித் தாருங்கள். பிஸ்கட் என்றால் டீயில் நனைக்கும் பிஸ்கட் இல்லை, உப்புச் சுவையில் பஞ்சு போன்ற ரொட்டி.

ஆண்டூயி மாதிரி புகைபோடுவது வேறு சமாச்சாரம், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த சூட்டில் மணிக்கணக்காகப் புகையில், காற்றில்லாத உறைக்குள் கறி இருக்கும்போது பாட்யுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர வழி இருக்கிறது. அதைத் தடுக்கச் சோடியம் நைட்ரைட் கலந்த கியூரிங் உப்பு, முதலாம் எண், கிலோவுக்கு 2.5 கிராம் போட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்த உப்புக்கு ரோஸ் நிறச் சாயம் போட்டிருப்பார்கள், சாதா உப்பென்று யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நம் வீட்டில் இந்துப்பும் ரோஸ் நிறம்தான்! இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகவே ஆகாது.

கிரில்லில் சுடுவது

பச்சைச் சாசேஜை நேரே கொழுந்துவிடும் தீயில் வைத்தால் வெளியே கரியாகி உள்ளே பச்சையாக இருக்கும். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, தீ இல்லாத பக்கத்தில் மூடிவைத்து வேகவைத்துவிட்டுக் கடைசியில் தீப்பக்கம் நகர்த்திச் சிவக்க வையுங்கள். முள்கரண்டியால் குத்தக் கூடாது, சாறெல்லாம் போய்விடும். உள்சூடு பன்றிக்கும் மாட்டுக்கும் 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கும் வான்கோழிக்கும் 74. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். புகைபோட்டு வெந்தது என்றால் சூடாக்கிச் சிவக்க வைத்தால் போதும், சாய்வாக வெட்டிச் சுட்டால் சிவக்கும் பரப்பு கூடும். பூடானை மட்டும் கொதிநீரில் தள்ளாதீர்கள், வெடித்துச் சோறெல்லாம் தண்ணீரில் மிதக்கும். ஆவியிலோ, கொதிக்காத சுடுநீரிலோ சூடாக்குங்கள். தொட்டுக்கொள்ள கடுகு மணி தெரியும் கிரியோல் மஸ்டர்ட்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை, அரைமணியில் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குச் சாசேஜ் உருண்டை. பச்சைச் சாசேஜ் 450 கிராம், துருவிய செடார் சீஸ் 450 கிராம், பிஸ்குவிக் மாவு (பிஸ்கட்டுக்கான ரெடிமேட் கலவை) மூன்று கப், பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி 190 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் அல்லது கொஞ்சம் கூட. சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். பாக்கெட்டில் துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், உருண்டை காய்ந்துபோகும். தெற்கு முழுக்க இது இல்லாத மேட்ச் நாள் கிடையாது. இன்னொரு ஐட்டமும் உண்டு, குட்டிச் சாசேஜ்களைத் திராட்சை ஜெல்லியிலும் பார்பிக்யூ சாஸிலும் ஊறவைத்து ஸ்லோ குக்கரில் சூடாக வைப்பது. கேட்டதும் முகம் சுளித்தேன், இப்போதும் பாதி சுளிக்கிறேன், ஆனால் முதலில் காலியாவது அதுதான்.

சைவக்காரர்கள் பசியோடு திரும்ப வேண்டாம். ஜார்ஜியா, அலபாமா, சவுத் கரோலினா பக்கம் போனால் பச்சை வேர்க்கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தருவார்கள், அப்படியே நம்மூர் ருசி. பெரிய பாத்திரத்தில் நீங்களே வேகவைத்துக் கொண்டுபோனாலும் கூட்டம் கூடும். ராஜ்மா போன்ற ரெட் பீன்ஸையும் கறியில்லாமல் வைக்கலாம். நியூ ஆர்லியன்ஸில் அது திங்கட்கிழமைச் சாப்பாடு, துணி துவைக்கும் நாளில் அடுப்பில் தன்பாட்டுக்குக் கொதிக்கும் என்று. லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களில் கையெழுத்தே ரெட் பீன்ஸ் பெயரில்தான் போடுவாராம். பீன்ஸை ஊறவைத்தாலும் சரி, கொதிக்கவிடாமல் நேரே ஸ்லோ குக்கரில் போட்டுவிடக் கூடாது. அந்தச் சூட்டில் பீன்ஸில் உள்ள நச்சு அடங்காது, வயிறு கலங்கிவிடும். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, நம் பிரஷர் குக்கரில் வேகவைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கொண்டுபோவது

கம்போவை வெள்ளிக்கிழமை ராத்திரியே செய்துவிடுங்கள். மறுநாள் ருசி கூடும், உறைந்த கொழுப்பையும் மேலிருந்து ஒரே தகடாக எடுத்துவிடலாம். சட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்காமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் நடுப்பகுதி ஆறவே நேரமாகிக் கெட்டுப்போகும். காலையில் கொதிக்கவிட்டு, ஐஸ்பெட்டியைச் சுடுநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, சட்டியைத் துண்டுகளால் சுற்றி உள்ளே வைத்தால் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். மயோனைஸ் சாலட்டுக்கும் இதே கணக்கு, அதை ஐஸ் மேலேயே வையுங்கள்.

போகும் இடத்து விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மிஸிஸிப்பியில் ஆக்ஸ்ஃபர்ட் ஊரில் ஓல் மிஸ் (மிஸிஸிப்பி பல்கலைக்கழகம்) அணியின் தி குரோவ் என்ற மரத்தோப்பில் தீ மூட்டவே அனுமதி இல்லை. அங்கே கூடாரத்துக்குள் சரவிளக்குத் தொங்கவிட்டு, வெள்ளித் தட்டில் பொரித்த கோழியும் சாண்ட்விச்சும் அடுக்கி வைத்திருப்பார்கள், ஆண்கள் டை கட்டி நிற்பார்கள். அங்கே கேஸ் அடுப்பும் இரும்புச் சட்டியுமாகப் போய் இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாசேஜ் உருண்டை கொண்டுபோங்கள்.

ஃபிலே தூளைச் சட்டியில் போடாமல் சின்ன டப்பாவில் தனியே எடுத்துப்போய் அவரவர் கிண்ணத்தில் தூவச் சொல்லுங்கள். ஃபிலே போட்ட கம்போவைத் திரும்பக் கொதிக்க வைத்தால் நூல் நூலாக இழுக்கும். போடாத கம்போ மிஞ்சினால் சோறு சேர்க்காமல் டப்பாக்களில் அடைத்து ஃபிரீசரில் வையுங்கள், மூன்று மாதம் தாராளமாக வரும்.